கண்ணும் கோடும்

அத்தியாயம் 7

“தூணோர மேசை அக்காவுக்குக் கண் மட்டு சேர். ஜன்னலோர மேசைப் பிள்ளைதான் கெட்டிக்காரி.”

கண்டிக்குக் கிழக்கே ஒரு காமென்டில் லைன் சூப்பர்வைசர் என்னிடம் இப்படித்தான் ஆரம்பித்தார். இரண்டு பேரும் ஒரே லைனின் கடைசியில் நின்று ஒரே சட்டையைச் செக் பண்ணுகிறவர்கள். ஜன்னலோர மேசையின் ரிஜெக்ட் பெட்டி காலைத் தேத்தண்ணிக்கு முன்பே பாதி நிரம்பிவிடும். தூணோரப் பெட்டியில் மத்தியானம் வரை அடித்தட்டு தெரியும். அதை வைத்து அக்காவைக் கண் பரிசோதனைக்கு அனுப்பி, மூக்குக்கண்ணாடியும் வாங்கிக் கொடுத்தாயிற்று. பெட்டி அப்படியேதான் இருந்தது.

பெட்டியைப் பார்த்துச் செக்கரை எடைபோடுவது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமில்லை. ஆனால் பெட்டி இரண்டு விஷயங்களைக் கலந்து சொல்கிறது. ஒன்று, அந்த ஆளின் கண் நல்லதையும் பழுதையும் எவ்வளவு பிரித்துப் பார்க்கிறது என்பது. மற்றது, சந்தேகம் வந்தால் அவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்பது. முதலாவதைக் கூர்மை என்றும் இரண்டாவதைக் கோடு என்றும் இந்த நூலில் சொல்லப்போகிறேன். கூர்மை குறைந்தவருக்குச் செய்யும் வைத்தியம் வேறு, கோடு இடம்மாறியவருக்குச் செய்யும் வைத்தியம் வேறு. மாற்றிச் செய்தால் மூக்குக்கண்ணாடிச் செலவுதான் மிச்சம்.

இரண்டு பேருக்கும் 200 சட்டைகளை வைத்து ஒரு சோதனை நடத்தினோம். 40 பழுது, 160 நல்லது. இரண்டு பேருக்கும் ஒரே மேசை, ஒரே விளக்கு, காலை ஒன்பது மணி. முடிவு இப்படி வந்தது. ஜன்னலோரப் பிள்ளை 40 பழுதில் 36ஐப் பிடித்தார். 160 நல்ல சட்டையில் 32ஐப் பழுது என்று தள்ளினார். தூணோர அக்கா 40இல் 28ஐப் பிடித்தார். நல்லதில் 8ஐ மட்டும் தள்ளினார்.

சூப்பர்வைசர் 36ஐயும் 28ஐயும் பார்த்து “நான் சொல்லல்லியா?” என்றார். முகாமையாளர் மொத்தப் பிழையைக் கூட்டினார்: பிள்ளை 4ஐ விட்டு 32ஐ வீணாகத் தள்ளியதில் 36 பிழை, அக்காவுக்கு 12உம் 8உம் சேர்த்து 20 பிழை. அவருக்கு அக்காதான் கெட்டிக்காரி. ஒரே தாளைப் பார்த்து இரண்டு பேர் இரண்டு தீர்ப்பு எழுதினார்கள். இரண்டும் பிழை. செக்கர்கள் இருவரின் கண்ணும் ஒன்றுதான்.

நான்கு கட்டம்

ஒரு துண்டைப் பார்த்து ஒருவர் தீர்ப்புச் சொன்னால் நான்கில் ஒன்று நடக்கும். பழுதைப் பழுது என்றால் அது பிடித்தது. பழுதை நல்லது என்றால் தப்பவிட்டது. நல்லதைப் பழுது என்றால் வீண்பழி. நல்லதை நல்லது என்றால் சரியாக விட்டது. இந்த நான்கில் இரண்டைத் தெரிந்தால் போதும்: பழுதுகளில் எத்தனை வீதம் பிடித்தார், நல்லவற்றில் எத்தனை வீதம் வீண்பழி போட்டார். மற்ற இரண்டும் இவற்றின் மிச்சம்.

பெரும்பாலான தொழிற்சாலைப் பதிவேடுகளில் வீண்பழிக்கு ஒரு கட்டமே கிடையாது. பையரிடமிருந்து புகார் வந்தால் அது கோப்பில் ஏறும். நல்ல சட்டையைத் திருப்பி அனுப்பி, தைத்த பிள்ளை அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, ஒன்றும் இல்லையென்று அப்படியே மடித்துத் திரும்ப அனுப்பிய கதை எங்கும் ஏறாது. இந்த அத்தியாயத்திலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துப் போவதானால், பதிவேட்டில் அந்தக் கட்டத்தைப் போடுங்கள்.

இதன் பின்னால் உள்ள கணக்கு தொழிற்சாலையில் பிறந்ததில்லை. ரேடார் திரையில் தெரிகிற புள்ளி விமானமா, வெறும் இரைச்சலா என்ற கேள்வியிலிருந்து வந்தது. 1954இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டானரும் ஸ்வெட்ஸும் அதை மனிதக் கண்ணுக்குப் பொருத்தினார்கள். 1966இல் கிரீனும் ஸ்வெட்ஸும் எழுதிய நூலோடு அது சமிக்ஞை கண்டறிதல் கோட்பாடு என்று நிலைபெற்றது. எக்ஸ்ரே பார்க்கும் மருத்துவர், விமான நிலையத்தில் பை பார்க்கிறவர் என்று எல்லோரையும் பின்னர் இதே தராசில்தான் நிறுத்தினார்கள்.

கோட்பாடு சொல்வதைத் தேயிலை ஸ்டோரில் காட்டுவது எளிது. முன்பெல்லாம் காய்ந்த தேயிலையிலிருந்து காம்பைப் பெண்கள் தரையில் உட்கார்ந்து கையால் பொறுக்கினார்கள். இன்று பல ஸ்டோர்களில் கலர் சோர்ட்டர் இருக்கிறது. தேயிலை ஒரு சரிவில் விழும், கமெரா ஒவ்வொரு துகளின் நிறத்தையும் பார்க்கும், வெளிறியதைக் காற்று ஊதித் தள்ளிவிடும். தேயிலை கறுப்பு, காம்பு வெளிர் என்று இரண்டாகப் பிரிந்து கிடந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் பழுப்பேறிய தேயிலையும் உண்டு, கறுத்த காம்பும் உண்டு. இரண்டு குவியலும் நடுவில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. இயந்திரத்தில் உணர்திறன் என்று ஓர் அளவை மாற்றலாம். கூட்டினால் காம்பு நிறையப் போகும், கூடவே நல்ல தேயிலையும் கழிவில் போகும். குறைத்தால் தேயிலை மிஞ்சும், காம்பும் மிஞ்சும். அந்த அளவை எவ்வளவு திருகினாலும் இரண்டு குவியலும் விலகாது, கோடுதான் நகரும். குவியல்கள் விலக வேண்டுமானால் கமெராக் கண்ணாடியைத் துடைக்க வேண்டும், விளக்கை மாற்ற வேண்டும், அல்லது தேயிலையைச் சீராகக் காயவைத்து அனுப்ப வேண்டும்.

செக்கருக்கும் மண்டைக்குள் அப்படி ஓர் அளவு இருக்கிறது. அதைத் திருகுகிறவர்கள் நாம்தான், பெரும்பாலும் தெரியாமல்.

கணக்கு

கூர்மையை எண்ணாக்க இசட் புள்ளி வேண்டும். பயப்பட ஒன்றுமில்லை, 2001 முதல் உயர்தரப் பரீட்சை முடிவில் பல்கலைக்கழக அனுமதிக்காகப் பார்க்கிறோமே, அதன் சொந்தக்காரன்தான் இது. ஒரு வீதத்தை மணி வடிவ வளைவில் எந்த இடத்தில் நிற்கிறது என்று மாற்றிச் சொல்வது. 50 வீதத்துக்கு 0. 60க்கு 0.25. 70க்கு 0.52. 80க்கு 0.84. 90க்கு 1.28. 95க்கு 1.64. 98க்கு 2.05. 99க்கு 2.33. 50க்குக் கீழே போனால் அதே எண்கள், முன்னால் கழித்தல் குறி: 20 வீதத்துக்கு −0.84, 5 வீதத்துக்கு −1.64. இந்த வரியை வெட்டி மேசைக் கண்ணாடியின் கீழ் வைத்துக்கொண்டால் கம்ப்யூட்டர்கூட வேண்டாம்.

பிடித்த வீதத்தின் இசட்டிலிருந்து வீண்பழி வீதத்தின் இசட்டைக் கழித்தால் கூர்மை வரும். நூல்களில் இதற்கு டி பிரைம் என்று பெயர். ஜன்னலோரப் பிள்ளை பிடித்தது 90 வீதம், வீண்பழி 20 வீதம்: 1.28 + 0.84 = 2.12. தூணோர அக்கா பிடித்தது 70 வீதம், வீண்பழி 5 வீதம்: 0.52 + 1.64 = 2.16. நூறில் நான்கு பங்கு வித்தியாசம். நாற்பது பழுதை வைத்துச் செய்த சோதனையில் அது வித்தியாசமே இல்லை. இந்த அளவுச் சோதனையில் அரைப் புள்ளிக்குக் குறைந்த இடைவெளியை நான் கணக்கில் எடுப்பதில்லை. ஒன்றை நெருங்கினால்தான் நிமிர்ந்து உட்காருவேன்.

கோட்டுக்கு, இரண்டு இசட்டையும் கூட்டிப் பாதியாக்கி, குறியை மாற்றுங்கள். பிள்ளைக்கு −0.22. அக்காவுக்கு +0.56. பூச்சியம் நடுநிலை. கழித்தல் என்றால் சந்தேகம் வந்தால் தள்ளுகிறவர், கூட்டல் என்றால் சந்தேகம் வந்தால் விடுகிறவர்.

அதே சோதனையில் சேர்ந்து இரண்டு வாரமான ஒரு புதுப்பிள்ளையையும் உட்காரவைத்தோம். அவர் பிடித்தது அக்காவைப் போல 70 வீதம், வீண்பழி ஜன்னலோரப் பிள்ளையைப் போல 20 வீதம். கூர்மை 1.36. பயிற்சி வேண்டியது இவருக்குத்தான். ஆனால் ரிஜெக்ட் பெட்டியை மட்டும் பார்த்திருந்தால் இவர் ஜன்னலோரப் பிள்ளைக்கு அடுத்த கெட்டிக்காரியாகத் தெரிந்திருப்பார். யாரும் இவரைப் பற்றி முறையிடவே இல்லை.

சிலவேளை ஒருவர் ஒரு வீண்பழியும் போடாமல் முடித்துவிடுவார். பூச்சியத்துக்கு இசட் இல்லை. அப்போது எல்லோருடைய எண்ணிக்கையிலும் அரையைக் கூட்டி, மொத்தத்தில் ஒன்றைக் கூட்டி வகுங்கள்: 160இல் 0 என்பது 161இல் 0.5 ஆகும்.

சோதனைத் தட்டு

கணக்கு ஐந்து நிமிட வேலை. சோதனைச் சட்டைகளின் தொகுப்பான தட்டைத் தயாரிப்பதுதான் ஒரு வாரம் தின்னும்.

தூரத்தில் நின்றாலே தெரிகிற பழுதைப் போடாதீர்கள். பட்டன் இல்லாத சட்டையை யாரும் பிடிப்பார்கள். காலர் நுனி ஒன்று கூராகவும் மற்றது மொட்டையாகவும் இருப்பது, இரண்டு தையல் தாவியது, பட்டன் பட்டிக்குக் கீழே எண்ணெய்ப் பொட்டு, தோள் தையலோரம் சுருங்கி நிற்பது, கைத்துண்டின் நிறம் உடம்போடு ஒரு மாற்றுக் குறைந்திருப்பது போன்றவையே வேண்டும். நல்லதிலும் அப்படியே. துணியிலேயே உள்ள நூல் முடிச்சு, தேய்த்தால் போகும் சோக்குக் கோடு, வெட்டாத நூல் வால் என்று ஆளைச் சந்தேகப்பட வைக்கும் நல்ல சட்டைகள் இருக்க வேண்டும். இவை இல்லாத தட்டில் எல்லோரும் நூற்றுக்கு நூறு எடுப்பார்கள், ஒன்றும் தெரியவராது.

எது பழுது என்று தீர்மானிப்பது யார்? இங்கேதான் பல தொழிற்சாலைகள் இடறுகின்றன. தர முகாமையாளர் ஒருவர் தனியாகத் தட்டைத் தயாரித்தால், செக்கர்கள் சட்டையைக் கண்டுபிடிப்பதில்லை, முகாமையாளரின் மனதைக் கண்டுபிடிக்கிறார்கள். மூன்று பேரை எடுங்கள். அதில் ஒருவர் பையரோடு பேசுகிறவராக இருக்கட்டும். மூன்று பேரும் ஒருவர் தீர்ப்பை ஒருவர் பார்க்காமல் எழுதட்டும். மூன்றும் ஒத்துப்போன சட்டை மட்டும் தட்டுக்கு. நான் பார்த்த இடங்களில் முதல் நாளிலேயே முகாமையாளர்களுக்குள் சண்டை வந்திருக்கிறது. வரட்டும். பெரியவர்களே ஒத்துப்போகாத பழுதைப் பிடிக்கவில்லையென்று செக்கரைத் திட்டிக்கொண்டிருந்தது அன்றுதான் தெரியவரும்.

இலக்கத்தை உள் லேபிளின் பின்பக்கம் எழுதுங்கள். நன்றாகக் கலக்குங்கள். எத்தனை பழுது இருக்கிறது என்று சொல்லாதீர்கள். வேகம் லைனின் வேகமாகவே இருக்கட்டும். ஆற அமரப் பார்க்கும் கண்ணை அளந்து பயனில்லை.

இன்னுமொன்று. நான் இரண்டு பேரையும் ஒரே மேசையில் உட்காரவைத்ததற்குக் காரணம் இருக்கிறது. ஹந்தானைப் பக்கமிருந்து முகில் இறங்கினால் ஜன்னல் வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பகல் இரண்டு மணிக்கு இடி மழை கட்டினால் ஜன்னலோர மேசைக்கு வெளிச்சம் போய்விடும், தூணோர மேசைக்கு டியூப் லைட் நிற்கும். மேசையின் குணத்தை ஆளின் தலையில் கட்டக்கூடாது. ஜன்னலுக்குத் திரை போட்டு, எல்லா மேசைக்கும் மேலிருந்து ஒரே வகை விளக்குப் போடுவது நல்லது. தையலோரச் சுருக்கத்துக்கு மட்டும் பக்கத்திலிருந்து சாய்ந்து விழும் ஒரு விளக்கு வையுங்கள். நேர் வெளிச்சத்தில் மறைவது சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் விழுந்து தெரியும். கூர்மையைக் கூட்ட இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

கோட்டை நகர்த்துவது எது?

சோதனை முடிந்த பிறகு தூணோர அக்காவிடம் பேசினேன். சுற்றி வளைக்காமல் சொன்னார்.

“சந்தேகத்துக்கெல்லாம் திருப்பிக் குடுத்தா அந்தப் பிள்ளைக்கு டார்கெட் போயிரும் சேர். சாயந்தரம் ஒரே பஸ்ஸில தானே போறோம்.”

ஜன்னலோரப் பிள்ளைக்கு வேறு கதை. இரண்டு மாதத்துக்கு முன்னால் பையரின் ஆள் ஒரு பெட்டியைத் திறந்து எண்ணெய்ப் பொட்டுள்ள சட்டையை எடுத்துக் காட்ட, அந்தப் பிள்ளையை எல்லோர் முன்னும் நிற்கவைத்துக் கேட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து அவர் கோடு இறங்கிவிட்டது. ஒருவரை பஸ் சிநேகிதம் நகர்த்தியது, மற்றவரை ஏச்சு நகர்த்தியது.

கோடு எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. நல்லது பழுதைவிட எத்தனை மடங்கு என்று பாருங்கள். லைனில் நூறுக்கு இரண்டு பழுது என்றால் 98க்கு 2, அதாவது 49 மடங்கு. அதை, ஒரு வீண்பழியால் வரும் நட்டத்தைத் தப்பவிட்ட ஒரு பழுதால் வரும் நட்டத்தால் வகுத்து வருவதோடு பெருக்குங்கள். விடை 1 என்றால் கோடு நடுவில். 1ஐவிடக் கூடினால் விட்டுக்கொடுக்கும் பக்கம், குறைந்தால் தள்ளும் பக்கம். அதாவது 2 வீதப் பழுதுள்ள லைனில், தப்பிப்போகும் சட்டை வீணாகத் திரும்பும் சட்டையைவிட 49 மடங்கு நட்டம் என்றால்தான் நடுநிலைக் கோடே நியாயமாகும். இரண்டும் ஒரே நட்டம் என்று வைத்தால், கூர்மை 2.15 உள்ள ஒருவருக்குச் சரியான கோடு எவ்வளவு உயரத்துக்குப் போகும் தெரியுமா? பழுதில் நாலில் ஒன்றைக்கூடப் பிடிக்கமாட்டார். அதுவே அவருக்குப் புத்திசாலித்தனமான வழி. செக்கர் கண்டும் காணாமல் விடுகிறார் என்று கோபப்படுவதற்கு முன், நாம் அவருக்கு எந்த நட்டக் கணக்கைக் கற்றுக்கொடுத்திருக்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

ஆயிரம் சட்டையில் 20 பழுது என்று வைத்து இரண்டு பெட்டியையும் திறந்து பார்ப்போம். சோதனைத் தட்டில் இருந்த வீதங்களையே எடுத்துக்கொள்கிறேன். தட்டில் சந்தேகச் சட்டைகள் அதிகம் என்பதால் நிஜ லைனில் வீண்பழி இதைவிடக் குறையும், போக்கு மாறாது. பிள்ளையின் பெட்டியில் 18 பழுதும் 196 நல்ல சட்டையும். அக்காவின் பெட்டியில் 14 பழுதும் 49 நல்ல சட்டையும். பிள்ளையிடமிருந்து திரும்பிவரும் சட்டையில் பன்னிரண்டில் ஒன்றுதான் உண்மைப் பழுது. தைக்கிற பிள்ளைகள் ஒரு கிழமைக்குள் அதைப் புரிந்துகொண்டு பார்க்காமலே திருப்பி அனுப்பத் தொடங்குவார்கள். வீண்பழியின் பெரிய நட்டம் அதுதான்: உண்மைப் பழியையும் யாரும் நம்பாமல் போவது.

கோட்டைச் சரிசெய்வதற்கு ஏச்சும் போனஸும் மொட்டைக் கருவிகள். இரண்டும் கோட்டை நகர்த்தும், எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. அந்தக் காமென்டில் இரண்டு காரியம் செய்தார்கள். திரும்பிவரும் துண்டுகளைத் தைக்கிறவரின் டார்கெட்டிலிருந்து கழிப்பதை நிறுத்தி, லைனின் பொதுக் கணக்கில் போட்டார்கள். ஒவ்வொரு மேசையிலும் எல்லை மாதிரி தொங்கவிட்டார்கள்: இந்த அளவுச் சுருக்கம் வரை விடலாம், இதற்குமேல் தள்ளு என்று இரண்டு சட்டை. அடுத்த சோதனையில் அக்காவின் கோடு 0.56லிருந்து 0.1க்கு வந்தது. கூர்மை அசையவில்லை. மூக்குக்கண்ணாடியை அவர் பேருந்துப் பலகை வாசிக்கப் போட்டுக்கொள்கிறார்.

கொழுந்து மடுவத்தில்

காமென்டில் கோடு ஓரங்குலம் நகர்ந்தால் கொழுந்து மடுவத்தில் ஒரு முழம் நகரும். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் ஹேவாஹெட்டைப் பக்கம் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்டு, பங்களா விறாந்தையில் மேசை வைத்துக் கையால் உருட்டியபோது, கொழுந்தைப் பார்த்தவரும் உருட்டியவரும் ஒரே இடத்தில் நின்றார்கள். இப்போது கொழுந்து வாங்கும் ஸ்டோருக்கு மலைச்சரிவெங்கும் உள்ள சிறுதோட்டக்காரர்களிடமிருந்து லொறியில் சாக்குச் சாக்காக வருகிறது. தேயிலைச் சபையின் பி60 அளவுகோல்படி நூறில் 60 பங்கு நல்ல கொழுந்து இருக்க வேண்டும். மடுவத்தில் நிற்கிறவர் சாக்குக்குள் கைவிட்டு ஒரு பிடி எடுத்து, இரண்டு இலையும் குருத்தும், முற்றல், கசங்கியது என்று பிரித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கண் அவருக்கு நன்றாகவே இருக்கும். முப்பது வருடம் கொழுந்து பார்த்த கண். ஆனால் மழை விட்டுக் கொழுந்து குவிகிற காலத்தில் அவர் கோடு ஓரிடம். வறட்சியில் ஸ்டோர் பசியோடு நிற்கும்போது வேறிடம். திருப்பி அனுப்பினால் லொறிக்காரர் அடுத்த ஸ்டோருக்கு விட்டுவிடுவார் என்று தெரிந்த நாளில் கோடே இல்லை. இதைப் பயிற்சி வகுப்பு நடத்தி மாற்ற முயன்றவர்களைப் பார்த்திருக்கிறேன். கூர்மைக்கு வகுப்பு, இங்கே குறைவது கூர்மை இல்லை. ஏற்பதா வேண்டாமா என்ற முடிவை அவர் கையிலிருந்து எடுத்துவிட்டு, வீதத்தை எண்ணி எழுதுவதை மட்டும் அவரிடம் விடுங்கள். விலையோ கழிவோ அந்த எண்ணை வைத்து அலுவலகத்தில் தீரட்டும். சாக்கின் மேலிருந்து மட்டும் பிடி எடுக்கக்கூடாது என்று நான் சொல்லத் தேவையில்லை. நல்ல கொழுந்து எப்போதும் மேலேதான் இருக்கும்.

அபூர்வப் பழுது

பழுது குறையக் குறைய அதைப் பிடிப்பதும் குறையும். 1968இல் டக்ளஸ் ஹாரிஸ் தொழிற்சாலைச் செக்கிங்குக்கு இதைக் காட்டினார். 2005இல் ஜெரமி வொல்ஃபும் கூட்டாளிகளும் ‘நேச்சர்’ இதழில் தந்த எண்கள் கண்ணைத் திறக்கும்: பாதிப் படங்களில் தேடும் பொருள் இருந்தபோது பார்த்தவர்கள் தவறவிட்டது 7 வீதம், நூறில் ஒன்றில் மட்டும் இருந்தபோது 30 வீதம். லைன் திருந்தத் திருந்தச் செக்கர் மோசமாகத் தெரிவார். அவர்மேல் குற்றமில்லை, நல்லதையே பார்த்துப் பார்த்துக் கோடு மெல்ல ஏறிவிடுகிறது.

மருந்து, தெரிந்த பழுதை லைனில் கலந்து விடுவது. விமான நிலையங்களில் பை பார்க்கிறவர்களின் திரையில் பொய்யாயுதப் படங்களை இடையிடையே காட்டுவதும் இதற்காகத்தான். பழுது அடிக்கடி கண்ணில் பட்டால் கோடு இறங்கியே இருக்கும். உடனுக்குடன் “இதைப் பிடித்தீர்கள், இதை விட்டீர்கள்” என்று சொன்னால் கூர்மையும் கூடும். ட்ரூரியும் அடிசனும் 1973இல் ஒரு கண்ணாடித் தொழிற்சாலையில் அதைக் கண்டு எழுதினார்கள். மாதக் கடைசியில் சொல்கிற பின்னூட்டத்தால் பயன் இல்லை. சட்டை கையில் இருக்கும்போதே சொல்ல வேண்டும்.

ஆனால் கலந்ததை எண்ணி எடுங்கள். ஒரு இடத்தில் நான் ஏற்றுமதி நாளில் 12 பழுதுச் சட்டைகளை லைனில் விட்டேன். செக்கர்கள் 9ஐப் பிடித்தார்கள். அடுத்த மேசையில் நானே நின்று 2ஐ எடுத்தேன். பன்னிரண்டாவதைக் காணோம். கொள்கலன் லொறி வாசலில் என்ஜின் ஓட நிற்கிறது, கடுகண்ணாவையை இருட்டுக்கு முன் இறங்க வேண்டும் என்று சாரதி மணிக்கூட்டைக் காட்டுகிறார், நாங்கள் ஐந்து பேர் ஒட்டிய பெட்டிகளைப் பிளேடால் கிழித்துக்கொண்டிருக்கிறோம். இரவு எட்டு மணிக்கு ஒரு பெட்டியின் அடியில் கிடைத்தது. அதற்குப் பிறகு ஏற்றுமதி நாளில் நான் பழுது கலப்பதில்லை. கலக்கும் சட்டையின் உள் மடிப்பில் சிவப்பு நூல் ஒன்று, பெட்டி ஒட்டும் மேசையில் அந்த நூலைத் தேட ஓர் ஆள், அப்படித்தான்.

களைப்பு

1948இல் நோர்மன் மக்வொர்த், கடலில் நீர்மூழ்கி தேடிய ரேடார்க்காரர்களுக்காகச் செய்த ஒரு மணிக்கூட்டுச் சோதனையை வெளியிட்டார். முள் அடி அடியாக நகரும், எப்போதாவது இரட்டை அடி பாயும், அதைச் சொல்ல வேண்டும். இரண்டு மணிநேரம். முதல் அரைமணி கழிந்ததுமே பிடிப்பது சரிந்தது. அரைமணிக்கொருமுறை மேசை மாற்றுவதற்கு ஆதாரம் இதுதான்.

ஆனால் சரிவது கண்ணா, கோடா? பலவேளை கோடுதான்: பிடிப்பதும் வீண்பழியும் சேர்ந்தே குறையும். கூர்மையே மழுங்குவது எப்போது என்று ராஜா பரசுராமன் 1979இல் ‘சயன்ஸ்’ இதழில் காட்டினார். துண்டுகள் வேகமாக வந்து, ஒப்பிடவேண்டிய மாதிரியையும் மனதில் வைத்திருக்க வேண்டியிருந்தால். மேசையில் மாதிரிச் சட்டை தொங்க வேண்டும் என்று நான் அடம்பிடிப்பதற்கு இது இரண்டாவது காரணம். நிறத்தை யாராலும் மனதில் வைத்திருக்க முடியாது.

இரண்டாவது கண்

ஒருவர் பார்த்ததை இன்னொருவர் பார்த்தால் நல்லதுதான், இரண்டாமவருக்கு முதலாமவரின் தீர்ப்புத் தெரியாவிட்டால். அக்காவைப் போன்ற இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து, ஒருவர் தள்ளினாலும் தள்ளுவது என்று வைத்தால் 91 வீதம் பிடிபடும், வீண்பழி 10 வீதத்துக்குள் நிற்கும். ஜன்னலோரப் பிள்ளை தனியாகப் பிடித்த அளவு, அவர் வீண்பழியில் பாதி. ஆனால் முதலாமவர் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பினால் இரண்டாமவர் ஸ்டிக்கரைத்தான் செக் பண்ணுவார்.

கடைசிச் சோதனையில் வரும் ஏ.கியூ.எல் (ஏற்கத்தக்க தர எல்லை) அட்டவணையும் பார்க்கிறவர் கண் பிழைக்காது என்று எண்ணிக் கட்டியதே. 1,201 முதல் 3,200 வரையான தொகுதியில் 125 துண்டு எடுத்து, 2.5 அளவில் 7 வரை பழுது வந்தால் ஏற்கலாம், 8 வந்தால் திருப்பு என்கிறது. உண்மையில் 2.5 வீதம் பழுதுள்ள தொகுதியில் பிழையற்ற கண் சராசரி மூன்றைக் காணும். பிடிப்பது 70 வீதம், வீண்பழி 5 வீதம் உள்ள கண் எட்டைக் காணும், தொகுதி திரும்பும். வீண்பழியே அரை வீதமாகவும் பிடிப்பது பாதியாகவும் உள்ள ஒருவரிடம் 5 வீதம் பழுதுள்ள தொகுதி போனால் அவர் நாலைக் கண்டு கையெழுத்துப் போட்டுவிடுவார். அட்டவணையைப் பற்றி வாதாடுவதற்கு முன், அதைப் பிடித்திருக்கிறவரைத் தட்டில் உட்காரவையுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு எண் மட்டும் பதிவேட்டில் ஏறட்டும், கூர்மையும் கோடும், திகதியோடு. பெயர்களைச் சுவரில் ஒட்டாதீர்கள். ஒட்டினால் அந்தச் சுவரே கோட்டை நகர்த்தும். தட்டில் மூன்றில் ஒரு பங்கையாவது ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். நான் சோம்பல்பட்டு அதே 200 சட்டையோடு மூன்றாம் முறை போனபோது, தூணோர அக்கா மேலே கிடந்ததை எடுத்து விரிக்கக்கூட இல்லை.

“இது போன தடவ வந்த சட்டைதானே சேர். காலருக்கு உள்ளுக்க பொட்டு இருக்கும், பாருங்க.”

இருந்தது.